அழியாத மருந்தைத் தேடியவர்

வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிறவர்களிடம் பேசினால் ஒரு முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். முந்தி ஒரு தடவை மருந்தடித்தால் போதுமாக இருந்தது, இப்போது மூன்று தடவை அடித்தாலும் கோவாப் புழு சாவதில்லை, பூச்சிக்கு மருந்து பழகிவிட்டது என்பார்கள். கடைக்காரர் வேறொரு போத்தலை எடுத்துக் கொடுப்பார். இல்லாவிட்டால் ஒரு மூடி ஊற்றுகிற இடத்தில் இரண்டு மூடி ஊற்றச் சொல்லுவார். ஊவாவைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் இதைக் கேட்டு வருகிறேன்.

உண்மையில் பூச்சி மருந்துக்குப் பழகுவதில்லை. அங்கே நடப்பது வேறு. அது விளங்காததால் தோட்டக்காரருக்குக் காசு போகிறது, மருந்தடிக்கிறவருக்கு உடம்பு போகிறது. ஒரு காலத்தில் இதே காரணத்தால் எங்கள் சனம் மலேரியாவில் விழுந்தது. இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த நேரான வழி, போல் ஹெர்மன் முல்லர் என்ற சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளரின் வாழ்க்கையைச் சொல்வதுதான். அவர் கண்டறிந்த மருந்து எங்கள் பாட்டன் பாட்டிமாரின் லயன் சுவர்களில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

முல்லர் 1899 ஜனவரி 12ஆம் திகதி ஒல்டன் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தகப்பன் ரயில்வேயில் வேலை செய்தவர். குடும்பம் பின்னர் பாசல் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்கவில்லை. 1916இல் படிப்பை இடையில் விட்டுவிட்டு ஒரு இரசாயனக் கம்பனியில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். போத்தல் கழுவி, பொடி நிறுத்துக் கைப்பழக்கம் வந்த பிறகுதான் படிப்பின் மீது பிடிப்பு வந்தது. திரும்பப் பள்ளிக்கூடம் போய், பாசல் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்து, 1925இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கெய்கி கம்பனியில் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அவர் வேறு இடத்துக்குப் போகவில்லை.

முதல் பத்து ஆண்டுகள் சாயங்களோடும் தோல் பதனிடும் பொருட்களோடும் கழிந்தன. விதைகளை நோயிலிருந்து காக்கும், பாதரசம் இல்லாத மருந்தொன்றையும் அவர் உருவாக்கினார். 1935இல் பூச்சிநாசினிப் பக்கம் திரும்பினார். அப்போதிருந்த மருந்துகளில் ஆர்சனிக் போன்றவை மனிதரையும் கொல்லும். பைரெத்திரம் பூவிலிருந்து எடுத்த மருந்து மனிதருக்குப் பாதுகாப்பானது, ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் அழிந்துவிடும். முல்லர் தனக்கு வேண்டிய மருந்தின் குணங்களை ஒரு பட்டியலாகவே வைத்திருந்தார். பூச்சி தொட்டாலே சாக வேண்டும், பலவகைப் பூச்சியையும் கொல்ல வேண்டும், மனிதருக்கும் பயிருக்கும் கெடுதி செய்யக்கூடாது, மணக்கக்கூடாது, விலை மலிவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்த இடத்தில் நெடுநாள் அழியாமல் இருக்க வேண்டும்.

நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பொருட்களைச் செய்து, கண்ணாடிக் கூண்டில் ஈக்களை விட்டுப் பரிசோதித்தார். ஒன்றும் சரிவரவில்லை. 1939 செப்டெம்பரில், ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய அதே மாதம், ஒரு பொருளை வைத்தபோது ஈக்கள் கால் நடுங்கி விழுந்தன. அந்தப் பொருளை 1874இலேயே ஒத்மார் செய்ட்லர் என்ற மாணவர் தயாரித்திருந்தார். அது பூச்சியைக் கொல்லும் என்று அவர் பார்க்கவில்லை. அதுதான் டீ.டீ.ரீ.

அந்தக் கூண்டு பற்றிய ஒரு விபரம் முக்கியமானது. முல்லர் அதை நன்றாகக் கழுவிவிட்டு, மருந்தே போடாமல் புதிய ஈக்களை விட்டார். அவையும் சுவரைத் தொட்டவுடன் விழுந்தன. கூண்டைக் கழற்றித் துப்புரவாகக் கழுவி, ஒரு மாதமளவு வெளியில் காற்றில் போட்டுவைத்த பிறகுதான் அடுத்த பரிசோதனையைச் செய்ய முடிந்தது. தேடிய குணம் கிடைத்துவிட்டது. கழுவினாலும் போகாத மருந்து அது. அவருக்கு நோபல் பரிசைக் கொண்டுவந்ததும், பின்னர் அந்த மருந்தைத் தோற்கடித்ததும் இந்த ஒரே குணம்தான்.

சுவிற்சர்லாந்தில் முதலில் அது உருளைக்கிழங்கை அழித்த கொலராடோ வண்டுக்கு எதிராகப் பயன்பட்டது. 1942இல் கடைக்கு வந்தது. கம்பனி நேசநாடுகளுக்கும் மாதிரி கொடுத்தது. 1943 முடிவில் இத்தாலியின் நாப்போலி நகரத்தில் டைபஸ் காய்ச்சல் பரவியது. குண்டுவீச்சுக்குப் பயந்து சனம் சுரங்கங்களிலும் பங்கர்களிலும் நெருக்கியடித்துக் கிடந்தது. குளிக்க வழியில்லை, மாற்றுத்துணி இல்லை. டைபஸைக் காவுவது உடம்புப் பேன். பங்கரிலும் முகாமிலும் கிடந்த எங்கள் சனத்துக்கு அந்த நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்கே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் உடுப்புக்குள் பேன் மருந்துத் தூள் ஊதப்பட்டது. முதலில் வேறு தூள்கள், பின்னர் டீ.டீ.ரீ. குளிர்காலத்தின் நடுவிலேயே நோய் அடங்கியது. 1948இல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் வைத்தியர் அல்லர். நோயாளி ஒருவரையும் அவர் பார்த்ததில்லை.

அந்த நேரம் அவருடைய மருந்து இலங்கைக்கு வந்துவிட்டது. 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அப்படியான தெளிந்த, வெயில் படும் தண்ணீரில் பெருகுவதுதான் மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1946இல் நாட்டில் 27 இலட்சத்துக்கு மேற்பட்ட மலேரியா நோயாளிகள் பதிவானார்கள். அந்தக் காலத்தில்தான் வீடு வீடாக டீ.டீ.ரீ. தெளிப்பு தொடங்கியது. இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் குந்தி ஓய்வெடுக்கும், அந்தச் சுவரில் மருந்து மாதக்கணக்கில் காத்திருக்கும். பாசலில் கூண்டுச் சுவர் செய்த வேலையை இங்கே வீட்டுச் சுவர் செய்தது.

ஊவாவின் மேட்டுத் தோட்டங்களில் குளிர் காரணமாக மலேரியா குறைவு. கீழே இறங்க இறங்கக் காய்ச்சல் கூடும். பசறையின் தாழ்ந்த பக்கங்கள், மகியங்கனை, மொனராகலை, புத்தளை, கதிர்காமம் எல்லாம் காய்ச்சல் பூமி. எங்கள் அம்மாயி சின்னப்பிள்ளையாக இருந்தபோது கீழ்த் தோட்டமொன்றில் மருந்துக்காரர்கள் வந்து, சட்டி பானைகளை வெளியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, லயன் காம்பராவுக்குள் பம்ப் பண்ணிப்போன கதையைச் சொல்லுவார். சுவரில் படிந்த வெள்ளையைத் துடைக்கவோ, அதற்கு மேல் சாணம் மெழுகவோ கூடாது என்பது கட்டளை. நுளம்போடு மூட்டைப்பூச்சியும் செத்ததால் முதல் வருசங்களில் லயத்துச் சனம் அதை விரும்பியதாம்.

பலன் பெரியது. தீவின் மரண வீதம் 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்தது, அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. உணவும் வைத்தியசாலைகளும் மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் டீ.டீ.ரீ.யின் பங்கை யாரும் மறுக்கவில்லை. 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டும். நோய் ஒழிந்தது என்று நினைத்து 1964இல் தெளிப்பை நிறுத்தினார்கள்.

முல்லர் 1961இல் ஓய்வு பெற்று, வீட்டிலேயே சிறு ஆய்வுகூடம் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் விளம்பரம் விரும்பாத மனிதர், மலைப்பூக்களிலும் பழமரங்களிலும் பிரியமுள்ளவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1965 ஒக்டோபரில் பாசலில் இறந்தார். இலங்கையில் அவருடைய மருந்து வென்றுவிட்டது போலத் தோன்றிய காலம் அது. அடுத்து வந்ததை அவர் பார்க்கவில்லை.

1967 கடைசியில் காய்ச்சல் திரும்பியது. 1969இல் மட்டும் நோயாளிகள் 5 இலட்சத்தைத் தாண்டினார்கள். அவசரமாக டீ.டீ.ரீ.யைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் குலிசிபேசிஸ் நுளம்பில் டீ.டீ.ரீ. எதிர்ப்பு இருப்பதும் அதே 1969இல் கண்டறியப்பட்டது. முன்பு விழுந்த நுளம்பின் பேரப்பிள்ளைகள் இப்போது மருந்துச் சுவரிலிருந்து பறந்துபோயின.

இது எப்படி நடந்தது? பூச்சியின் நரம்புக் கலத்தில் சோடியம் உள்ளே போவதற்கு ஒரு நுண்ணிய கதவு இருக்கிறது. செய்தி போகும்போது அது திறந்து, உடனே மூடும். டீ.டீ.ரீ. அந்தக் கதவில் ஆப்புப் போல் இறுகி, மூடவிடாமல் செய்துவிடும். நரம்பு ஓயாமல் துடிக்கும், பூச்சி நடுங்கிச் சாகும். இந்தக் கதவு ஏறத்தாழ 2,000 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த ஒரு புரதம். அதை எப்படிக் கோப்பது என்பதை மரபணு சொல்கிறது. மரபணு பிரதியாகும்போது எப்போதாவது ஒரு எழுத்து மாறிவிடும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை விகாரம் என்று படித்திருப்போம். வீட்டு ஈயில் அப்படியொரு விகாரம், 1014ஆவது இடத்தில் லூசின் என்ற அமிலம் வரவேண்டிய இடத்தில் பினைல் அலனைனைக் கொண்டுவந்துவிட்டது. 1990களில்தான் இந்த இடத்தை ஆய்வாளர்கள் துல்லியமாகக் கண்டார்கள். கதவு வழமைபோல் வேலை செய்யும், ஆனால் ஆப்பு சரியாக இறுகாது. அதே இடத்தில் இப்படியான மாற்றங்கள் பல நாடுகளின் மலேரியா நுளம்புகளிலும் பிறகு கண்டறியப்பட்டன.

இன்னொரு வழியும் உண்டு. பூச்சியின் உடம்பில் நஞ்சை உடைக்கும் நொதியங்கள் இருக்கின்றன. விகாரத்தால் அவை அதிகமாகச் சுரந்தால், டீ.டீ.ரீ. நரம்பைச் சேருமுன்பே குளோரின் ஒன்று கழன்று, பூச்சியைக் கொல்லாத வேறு பொருளாகிவிடும். இலங்கை நுளம்புகளிலும் இந்த வகை எதிர்ப்பு கண்டறியப்பட்டிருக்கிறது.

இங்கேதான் பழகிவிட்டது என்ற சொல் எங்களை ஏமாற்றுகிறது. மருந்தைத் தொட்ட நுளம்பு அதைக் கண்டு மாறவில்லை. மாறியவை சில, மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் இருந்தன. ஒரு இலட்சம் நுளம்பில் பத்து அப்படியானவை என்று வைத்துக்கொள்வோம். மருந்து இல்லாத காலத்தில் அவற்றுக்கு ஒரு இலாபமும் இல்லை. பல சமயம் மற்றவற்றைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மருந்து அடித்தவுடன் மற்றவை செத்துப்போக, அந்தப் பத்தின் முட்டைகள்தான் அடுத்த தலைமுறை. நுளம்புக்கு ஒரு தலைமுறை என்பது சில கிழமைகள். சுவரில் மருந்து மாதக்கணக்கில் இருந்தால் இந்தத் தெரிவு இரவு பகலாக நடக்கும். முல்லர் ஆசைப்பட்ட அழியாத தன்மை, எதிர்ப்புள்ள பூச்சியைச் சலித்தெடுக்கும் அரிதட்டாக மாறியது. சுவீடனிலும் இத்தாலியிலும் டீ.டீ.ரீ.க்குச் சாகாத ஈக்களை 1946-47இலேயே கண்டிருந்தார்கள். அவர் நோபல் மேடையில் நின்றபோது அந்த அறிகுறி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. சுற்றுச்சூழல்காரர்கள் டீ.டீ.ரீ.யைத் தடைசெய்ததால்தான் இலங்கைக்கு மலேரியா திரும்பியது என்பது அது. திகதிகளைப் பார்த்தாலே அது பிழை என்று தெரியும். தெளிப்பு 1964இல் நின்றது நோயாளிகள் இல்லாததால். அமெரிக்கா டீ.டீ.ரீ.யைத் தடைசெய்தது 1972இல். இலங்கை 1970களின் நடுப்பகுதியில் அதைக் கைவிட்டு, 1977 முதல் மலத்தியனுக்கு மாறியது, ஏனென்றால் பழைய மருந்துக்கு நுளம்பு சாகவில்லை. 1980களில் மலத்தியனுக்கும் எதிர்ப்பு வந்தது.

அந்த ஆண்டுகள் எங்களுக்கு வேறு வகையிலும் கொடியவை. 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன மலையகக் குடும்பங்கள் பல. மலைக் குளிரில் வளர்ந்த உடம்புகள் காய்ச்சல் காட்டுக்குள் போய்க் கொட்டில் போட்டன. பிறகு யுத்தம். இடம்பெயர்ந்து மரத்தடியில் கிடப்பவருக்கு மருந்தடிக்கச் சுவர் ஏது? 1999இல் நாட்டில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். அவர்களில் பெரும்பங்கு வடக்கு கிழக்கில். எங்கள் உறவுக்குள்ளும் ஒரு பெரியப்பா வன்னியில் அந்தக் காய்ச்சலோடு போனார். அவர் நுளம்பால் செத்தாரா, இடப்பெயர்வால் செத்தாரா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் மலேரியா யுத்தம் முடியும்வரை காத்திருக்கவில்லை, அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியது. சுகாதார ஊழியர்கள் இரண்டு தரப்பின் அனுமதியோடும் எல்லை கடந்து வேலை செய்தார்கள். இம்முறை ஒரே மருந்தை நம்பவில்லை. வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு வகை மருந்து, அதையும் காலத்துக்குக் காலம் மாற்றினார்கள். மருந்து ஊட்டிய நுளம்புவலை கொடுத்தார்கள். நடமாடும் கிளினிக்குகளில் விரலில் குத்தி இரத்தம் பார்த்து, நோயாளியைத் தேடிப்போய்க் குணப்படுத்தினார்கள். நாட்டுக்குள் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மருந்தை மாற்றி மாற்றிப் பாவித்ததும், மருந்தை மட்டும் நம்பாமல் விட்டதும்தான் இந்த வெற்றியின் முக்கால்வாசி.

இந்தப் பாடத்தைத்தான் ஊவாவின் மரக்கறித் தோட்டம் இன்னும் எடுக்கவில்லை. கோவாப் புழு என்று நாங்கள் சொல்வது ஒரு சிறு அந்துப்பூச்சியின் குட்டி. உலகத்தில் டீ.டீ.ரீ.க்கு எதிர்ப்புக் காட்டியதாக முதலில் பதிவான பயிர்ப் பூச்சிகளில் அதுவும் ஒன்று. 1950களின் தொடக்கத்தில் ஜாவா மலைகளில் அது கண்டறியப்பட்டது. அதன் பிறகு வந்த மருந்துக் கூட்டங்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் உலகின் ஏதோவொரு மூலையில் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டினால் அரைகுறை எதிர்ப்புள்ள புழு சாகும், முழு எதிர்ப்புள்ளது மட்டும் மிஞ்சி அடுத்த தலைமுறையைப் போடும். முதுகில் டாங்கி கட்டி, கையுறையில்லாமல் வரிசை வரிசையாக நடக்கிறவரின் உடம்பில் ஏறும் நஞ்சும் கூடும். அவருக்கு அந்த விகாரம் இல்லை.

போத்தலை மாற்றுவதும் பல சமயம் மாற்றம் அல்ல. வேறு கம்பனி, வேறு படம், வேறு விலை, ஆனால் லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் இரசாயனம் அதேதான். இரசாயனத்தின் பெயர் வேறாக இருந்தாலும் அது பூச்சியைத் தாக்கும் இடம் ஒன்றாக இருக்கலாம். டீ.டீ.ரீ. ஆப்புப் போட்ட அதே நரம்புக் கதவைத்தான் இன்றைய பைரெத்ரொயிட் மருந்துகளும் தாக்குகின்றன. அதனால் பாட்டன் காலத்து மருந்துக்கு வந்த விகாரம் பேரன் காலத்து மருந்தையும் தோற்கடிக்க முடியும். ஆகவே விவசாயப் போதனாசிரியரிடம் கேட்க வேண்டியது நல்ல மருந்து எது என்றல்ல. போன தடவை அடித்ததைவிட வேறு வழியில் கொல்லும் மருந்து எது, இந்தப் புழுவுக்கு மருந்தே வேண்டுமா என்பதுதான்.

தேயிலையும் இதை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. தண்டைத் துளைக்கும் ஷொட் ஹோல் போரர் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்த காலத்தில், இலையைச் சுருட்டித் தின்னும் டொர்ட்ரிக்ஸ் புழு பெருகியது. இது விகாரத்தால் வந்ததல்ல. அந்தப் புழுவை அடக்கவென்று 1935-36இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த சிறு குளவியை மருந்து கொன்றதால் வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் எங்களுக்காக வேலை செய்த ஒரு சீவனை நாங்களே அழித்தோம்.

முல்லரை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அவருடைய தூளால் உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்களுக்குள் ஏராளம். என் அம்மாயியும் அப்படிப் பிழைத்தவராக இருக்கலாம். அவர் தேடியது கிடைத்தது. அது ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் கையில் இருக்கும் என்று நாடுகள் நம்பியதுதான் பிழை.

இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்த அதே 2016 இறுதியில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பு பிடிபட்டது. பின்னர் யாழ்ப்பாண நகரத்திலும் கண்டார்கள். இது ஆற்றுக் குட்டையைத் தேடிப் போவதில்லை, வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். பல பூச்சிநாசினிகளுக்கு எதிர்ப்போடுதான் வந்திருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதற்கு எதிராக இன்றைக்கு எங்கள் கையில் உள்ள சுலபமான ஆயுதம் போத்தலில் இல்லை. கிணற்றுக்கு வலை போடலாம், தொட்டியை மூடலாம். இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், போன இடத்தைச் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லலாம். இந்த மூன்றுக்கும் எதிராக எந்த நுளம்புக்கும் விகாரம் வராது.